கல்யாண யோசனை

கல்யாண விஷயத்தில் யோசனை சொல்வதில் எனக்கு ஒரு காலத்தில் நல்ல பெயர் இருந்தது. கதை எழுதுகிறவனுக்கு மனித மனம் அத்துபடியாக இருக்கும் என்று ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை. காகிதத்தில் பத்துக் கல்யாணம் முடித்து வைத்தவன் நிஜத்தில் ஒன்றுக்கு வழி சொல்ல மாட்டானா? அந்த நம்பிக்கையை நானும் கெடுத்ததில்லை. காப்பி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் தீர்ப்புச் சொல்லி அனுப்பிவிடுவேன். சில தீர்ப்புகள் பலித்தன. பலித்தவர்கள் பழமும் வெற்றிலையுமாக வந்து சொன்னார்கள். பலிக்காதவர்கள் வரவில்லை. ஆகவே என் கணக்கில் எல்லாமே பலித்தவையாக இருந்தன.

வராதவர்களில் ஒருவர் 2024-ஆம் வருஷம், மழை பிடித்துக்கொண்டிருந்த ஒரு பகல் வேளையில், என் வீட்டு வாசலில் வந்து நின்றார். அறுபதைத் தாண்டிய அம்மாள். கையில் துணிப்பை. குடையை மடக்கித் திண்ணையில் சாய்த்துவிட்டு, “அண்ணாச்சி, என்னைத் தெரியுதா?” என்றார்.

தெரியாமல் என்ன? என் கல்லூரிச் சிநேகிதரின் மனைவி. அவர் காலமாகி அப்போது மூன்று வருஷம் ஆகியிருந்தது. திருநெல்வேலிச் சீமையில் புராட்டஸ்டண்டு கிறிஸ்தவர்கள் தங்கள் குருவானவரை ‘ஐயர்’ என்பார்கள். அவர் மனைவி ‘ஐயரம்மா’. என் சிநேகிதர் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஐயராக இருந்தவர். இந்த அம்மாள் அத்தனை வருஷமும் ஐயரம்மாவாக இருந்தவர். இருவர் பெயரையும், இருந்த ஊர்களையும் நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதலாம் என்று அனுமதி கொடுத்தவரே அந்த நிபந்தனையைப் போட்டார்.

“ஒரு விஷயம் கேட்டுப் போகலாம்னு வந்தேன்” என்றார் அவர். “கல்யாணத்துக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடணும்னு அவுக நெனச்சாகளாம். நீங்கதான் வேண்டாம்னு தடுத்தீங்களாமே, நெசமா?”

வாசலில் மழை சத்தமாகப் பெய்துகொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்காக நான் நன்றியுள்ளவனாக இருந்தேன்.

*

1981-ஆம் வருஷம். எனக்கு இரண்டு கதைகள் அச்சாகியிருந்தன. உலகத்துக்குப் புத்தி சொல்ல அந்தத் தகுதி போதும் என்று எண்ணியிருந்த வயசு. சிநேகிதர் வேதாகமக் கல்லூரியில் படிப்பை முடித்துவிட்டு ஊருக்கு வந்திருந்தார். அடுத்தது குருப்பட்டம். அதற்கு முன்பே கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்பது வீட்டார் விருப்பம். கிராமத்துச் சபையில் கல்யாணமாகாத ஐயருக்கு மதிப்பு இல்லை. குருமனையில் விளக்கேற்ற ஒரு பெண், பெண்கள் சங்கம் நடத்த ஒரு பெண், ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க ஒரு பெண் வேண்டுமே! சம்பளம் ஒருவருக்குத்தான், ஊழியம் இருவருக்கும்.

குறுக்குத்துறைப் படித்துறையில் உட்கார்ந்திருந்தோம். தாமிரபரணியில் தண்ணீர் தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது. வெகு நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தவர், “எனக்குப் பொம்பளைங்க மேல அந்த மாதிரி நாட்டம் வரல டே. ஒருநாளும் வந்ததில்ல” என்றார்.

அவர் சொல்ல வந்தது இன்னது என்று எனக்குப் புரிந்தது. பாதி சொன்னார், மீதியை நான் சொல்லவிடவில்லை. “அதெல்லாம் கல்யாணம் ஆனால் சரியாப் போயிடும்” என்றேன். எத்தனை சுலபமான வாக்கியம்! நானாக யோசித்துக் கண்டுபிடித்ததுகூட அல்ல. நம் ஊரில் பையன் குடித்தாலும், வேலைக்குப் போகாவிட்டாலும், சாமியாராகப் போகிறேன் என்றாலும் இதே மருந்துதான். அந்தக் கஷாயத்தையே நானும் ஊற்றிக் கொடுத்தேன்.

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்ப அந்தப் பிள்ளைகிட்டயாவது சொல்லிடட்டுமா?” என்று கேட்டார்.

“பைத்தியமா உனக்கு? ஊர் சிரிக்கும். பட்டமும் கிடைக்காது, பெண்ணும் கிடைக்காது. வாயை மூடிக்கொண்டு தாலியைக் கட்டு.”

இந்த வாக்கியம் என் சொந்தச் சரக்கு. இதற்கு ஊரைக் குறை சொல்ல முடியாது.

அவர் எழுந்து வேஷ்டியில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டுக்கொண்டார். அதன் பிறகு நாற்பது வருஷம் நாங்கள் சிநேகிதர்களாகவே இருந்தோம். சபையில் அசன விழா வந்தால் எனக்கு ஆள் அனுப்புவார்; பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார். அந்தப் பேச்சை மட்டும் அவர் மறுபடி எடுக்கவே இல்லை. அவர் எடுக்காததையே என் யோசனை பலித்ததற்கு அத்தாட்சியாக நான் வைத்துக்கொண்டேன்.

*

“நெசந்தான்” என்றேன். வேறென்ன சொல்ல?

அம்மாள் தலையை ஆட்டிக்கொண்டார். கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. கணக்கு நோட்டில் விட்டுப்போன ஒரு தொகையை எழுதி முடித்தவர் மாதிரி இருந்தார். பிறகு அவராகவே சொன்னார்.

2003-ஆம் வருஷம் நவம்பர் மாதம். அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷையர் என்ற ராஜ்யத்தில் ஜீன் ராபின்ஸன் என்பவரைப் பேராயராக அபிஷேகம் செய்தார்கள். அவர் ஓர் ஆணோடு வெளிப்படையாகக் குடும்பம் நடத்துகிறவர். செய்தி நம் ஊர்ப் பத்திரிகைகளிலும் வந்தது. ஐயருடைய சபையில் மூப்பர்கள் கூடி, “வருகிற ஞாயிற்றுக்கிழமை இந்த அக்கிரமத்தைக் கண்டித்து நீங்கள் பிரசங்கம் பண்ண வேண்டும்” என்று கேட்டுக்கொண்டார்களாம். ஐயர் சரி என்றிருக்கிறார். சனிக்கிழமை இரவு முழுக்கத் தூங்கவில்லை.

மறுநாள் பிரசங்க பீடத்தில் ஏறி, அப்போஸ்தலர் நடபடிகள் எட்டாம் அதிகாரத்தைத் திறந்தார். எத்தியோப்பிய தேசத்து அதிகாரி ஒருவன் ரதத்தில் போகிறான். பிலிப்பு ஓடிப்போய் அவனோடு ஏறிக்கொள்கிறான். வழியில் தண்ணீரைக் கண்டதும், தான் ஞானஸ்நானம் பெற என்ன தடை என்று அவன் கேட்கிறான். நம் பழைய தமிழ் வேதாகமம் அவனை ‘மந்திரி’ என்று மரியாதையாகச் சொல்லி நகர்ந்துவிடுகிறது. மூலத்தில் அவன் அண்ணகன்; அதாவது அரண்மனைச் சேவகத்துக்காக ஆண்மை அழிக்கப்பட்டவன். அப்படிப்பட்டவன் சபைக்குள் வரக்கூடாது என்று உபாகமத்தில் சட்டம் இருக்கிறது. பிலிப்புக்கு அந்தச் சட்டம் தெரியாதா? தெரியும். தெரிந்தும் அவனோடு தண்ணீரில் இறங்கினான். இவ்வளவுதான் ஐயர் சொன்னார். அமெரிக்காவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

“மூப்பர்மாருக்கு ஒண்ணும் விளங்கல. ஐயர் தலைப்பை மறந்துட்டாருன்னு பேசிக்கிட்டாக” என்றார் அம்மாள். “எனக்கு விளங்கிட்டு. அன்னைக்கு ராத்திரி சோறு போடும்போது, ‘நீங்க அந்த மந்திரியா?’ன்னு கேட்டேன். தட்டுல கைய வச்சபடியே அழுதாக. எங்களுக்குக் கல்யாணமாகி இருவது வருஷத்துக்கு மேல ஆச்சு, அண்ணாச்சி. அன்னைக்குத்தான் முதல் தடவையா நாங்க ரெண்டு பேரும் பேசினோம்.”

அதற்கு முந்தின வருஷங்களில், குழந்தையில்லாத குறைக்கு ஊர் இந்த அம்மாளைத்தான் பார்த்தது. உபவாச ஜெபத்துக்கு அழைத்தது, எண்ணெய் பூசியது, டாக்டரிடம் அனுப்பியது. தம்மிடம் ஏதோ குறை இருக்கிறதென்று அவரும் நம்பினார். ஒரு பெண் தன் இளமை முழுவதும் தன்னையே சந்தேகித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். அந்தச் சந்தேகத்துக்கு விதை போட்டது ஆற்றங்கரையில் நான் சொன்ன ஒரு வாக்கியம்.

“அவுக எனக்குத் துரோகம் பண்ணல” என்றார் அவர், குடையை எடுத்துக்கொண்டே. “சொல்லணும்னு நெனச்ச மனுசன். என்கிட்ட சொல்லியிருந்தா நான் வேண்டாம்னிருப்பேன். இல்ல, சரின்னே சொல்லியிருப்பேனோ என்னமோ! அதைச் சொல்ற பாத்தியதை எனக்கில்லையா? நீங்க ரெண்டு ஆம்பளையும் ஆத்தங்கரையில உக்காந்து எனக்கும் சேத்துல்ல முடிவு பண்ணிட்டீங்க.”

மழை விட்டிருந்தது. பஸ் நிலையம் வரை கொண்டுவிடுகிறேன் என்றேன். வேண்டாம் என்றுவிட்டார்.

*

அவர் போன பிறகு சில மாதங்கள் நான் கதை எழுதவில்லை. படித்தேன். என் சிநேகிதரை அத்தனை வருஷம் பயப்படுத்திவைத்த அந்த விஷயம் அவருடைய மார்க்கத்தில் எப்படியெல்லாம் பேசப்பட்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன். நான் அந்த மார்க்கத்தைச் சேர்ந்தவன் அல்லன். அங்கே தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. தீர்ப்புச் சொல்லும் ஆசையும் போய்விட்டது. படித்தபோது பட்டதை மட்டும் சொல்கிறேன்.

முதல் ஆச்சரியம், இங்கிலாந்தில் இந்த விஷயத்தில் கதவைத் திறந்தவர்களில் பாதிரிமார்களும் இருந்தார்கள் என்பது. ஆணும் ஆணும் தனிமையில் கூடுவது அங்கே சிறைத் தண்டனைக்குரிய குற்றம். டெரிக் ஷெர்வின் பெய்லி என்ற ஆங்கிலிகன் குரு 1955-இல் ஒரு புத்தகம் எழுதினார். சோதோம் நகரத்தின் பாவம் எல்லோரும் நினைப்பது அல்ல, வந்த விருந்தாளிகளுக்கு இழைத்த கொடுமைதான் என்பது அவர் வாதம். எசேக்கியேல் தீர்க்கதரிசியும் சோதோமின் குற்றத்தைக் கர்வம் என்றும், ஏழைக்குக் கை கொடுக்காமை என்றுமே முக்கியமாகச் சொல்கிறார். 1957-இல் வுல்ஃபெண்டன் கமிட்டி, வயது வந்த இருவர் சம்மதத்தோடு தனிமையில் நடந்துகொள்வது குற்றமாகாது என்று சிபாரிசு செய்தது. பாவம் வேறு, குற்றம் வேறு என்று சொல்லி அப்போதைய கான்டர்பரி பிரதம பேராயர் ஃபிஷர் அதை ஆதரித்தார். அவருக்குப் பின் வந்த மைக்கேல் ராம்ஸி பிரபுக்கள் சபையில் சட்டத் திருத்தத்தை ஆதரித்துப் பேசினார். 1967-இல் சட்டம் மாறியது. அதே ஆங்கிலேயர் 1860-இல் நமக்கு எழுதிக் கொடுத்த 377-ஆவது பிரிவு மட்டும் இங்கே அப்படியே நின்றது. வயது வந்தவர்களின் சம்மதமான உறவுக்கு அது பொருந்தாது என்று நம் சுப்ரீம் கோர்ட்டு சொல்ல 2018 செப்டம்பர் 6 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஊராரைச் சிறையிலிருந்து விடுவிக்கக் குரல் கொடுத்த சபை, தன் சொந்த வீட்டுக்குள் வந்தபோது தயங்கியது. 1991-இல் இங்கிலாந்துத் திருச்சபையின் பேராயர்கள் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். சாதாரண விசுவாசி தன் மனச்சாட்சிப்படி அப்படி ஒரு துணையோடு வாழ்ந்தால் சபை அவனைத் தள்ளாது. குருவுக்கு மட்டும் அது கூடாது என்றது அறிக்கை. 1998-இல் உலக ஆங்கிலிகன் பேராயர்கள் லாம்பெத் மாநாட்டில் கூடி வாக்கெடுத்தார்கள். தன்பாலுறவு வேதத்துக்குப் பொருந்தாது என்ற தீர்மானத்துக்கு ஆதரவு 526, எதிர்ப்பு 70, நடுநிலை 45. அதே தீர்மானத்தில் இன்னொரு பகுதியும் இருக்கிறது: இப்படிப்பட்டவர்களின் அனுபவத்தைக் காது கொடுத்துக் கேட்போம் என்ற வாக்குறுதி. முதல் பகுதி உலகமெல்லாம் பரவியது. இரண்டாவது பகுதி அவ்வளவு தூரம் பயணம் செய்ததாகத் தெரியவில்லை.

2003-இல் நடந்த இரண்டு சம்பவங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தேன். இங்கிலாந்தில் ஜெஃப்ரி ஜான் என்பவரை ரெடிங் நகருக்குப் பேராயராக நியமித்தார்கள். அவருக்கு நெடுங்காலத் துணைவர் ஒருவர் உண்டு. ஆனால் சபையின் விதிப்படி தாம் பிரமசரியத்தில் இருப்பதாக அவர் ஒளிக்காமல் சொன்னார். விதியை மீறாதவர், விதி இப்படி இருக்கக்கூடாது என்று பேசியவர். எதிர்ப்புக் கிளம்பியது. ஜூலை மாதம் அவரே விலகிக்கொள்ளும்படி ஆயிற்று. மறுவருஷம் ஸெயின்ட் ஆல்பன்ஸ் பேராலயத்துக்குத் தலைமைக் குருவானார். பேராயர் பதவி கிடைக்கவில்லை.

மற்றவர் ராபின்ஸன். அவருடைய அபிஷேகம் பனிச்சறுக்கு விளையாட்டு அரங்கம் ஒன்றில் நடந்தது. அங்கிக்கு உள்ளே குண்டு துளைக்காத கவசம் அணிந்துகொண்டு அவர் பேராயரானார். 2008 லாம்பெத் மாநாட்டுக்கு அவரை அழைக்கவில்லை. அவருடைய வாழ்க்கையில் என்னை நிறுத்தி வைத்த இடம் வேறு. அவரும் முன்பு ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டவர். இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தகப்பன். கல்யாணத்துக்கு முன்பே தம் மனத்திலிருந்த சங்கடத்தை அந்தப் பெண்ணிடம் சொல்லியிருந்தார். பிற்பாடு பிரிவது என்று முடிவானபோது, இருவரும் கோயிலுக்குப் போய், திருவிருந்தின் நடுவே ஒருவருக்கொருவர் மன்னிப்புக் கேட்டு, கொடுத்த வாக்கிலிருந்து ஒருவரையொருவர் விடுவித்துக்கொண்டார்கள்.

இதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். என் சிநேகிதர் செய்ய நினைத்த முதல் காரியமும் அதுதானே? பெண்ணிடம் சொல்லிவிடட்டுமா என்று கேட்டாரே!

எதிர்க்கிறவர்களையும் நான் அலட்சியமாக நினைக்கவில்லை. லேவியராகமத்திலும் ரோமருக்கு எழுதின நிருபத்திலும் வாசகங்கள் இருக்கத்தான் செய்கின்றன. வேதத்தை உயிராக மதிக்கிறவன் அவற்றை ஊதித் தள்ளிவிட முடியாது. ‘இந்தப் புத்தகத்தை எங்களுக்குக் கொடுத்தவர்களே இப்போது அதைத் திருத்தி வாசிக்கச் சொல்கிறீர்களே’ என்று ஆப்பிரிக்கச் சபைகளில் பலர் கேட்பதிலும் ஒரு நியாயமான வேதனை இருக்கிறது. நஷ்டமும் சின்னதல்ல. அமெரிக்காவில் ஐக்கிய மெதடிஸ்டு சபை இந்தத் தகராறிலேயே உடைந்து, 2019 முதல் 2023 வரை சுமார் 7,600 சபைகள் பிரிந்து போயின. மிஞ்சியவர்கள் 2024 மே மாதம் கூடி, தன்பாலினரைக் குருவாக்கக் கூடாது என்ற பழைய தடையை நீக்கினார்கள். ரோமாபுரியிலும் இதே இழுபறிதான். ஆழமான தன்பால் ஈர்ப்பு உள்ளவர்களைக் குருமடத்தில் சேர்க்கக் கூடாது என்று 2005-இல் கட்டளை. அப்படிப்பட்ட ஒரு குரு கடவுளைத் தேடினால் அவரைத் தீர்ப்பிட நான் யார் என்று 2013-இல் போப் பிரான்சிஸ் விமானத்தில் கேட்டார். இங்கிலாந்துத் திருச்சபையிலோ, 2023 டிசம்பரிலிருந்து ஒரே பாலைச் சேர்ந்த ஜோடிகளுக்காக வழக்கமான ஆராதனையில் ஆசீர்வாத ஜெபம் சொல்லலாம் என்று அனுமதித்தார்கள்.

இத்தனையும் படித்து எனக்குப் பட்டது ஒன்று. சபைகள் அநேகமாகச் செய்தவனைத் தண்டிக்கவில்லை, சொன்னவனைத்தான் தண்டித்தன. வாயை மூடிக்கொண்டு தாலி கட்டியவன் ஐயராக இருக்கலாம். வாயைத் திறந்தவன், விதியை மீறாமலே வாழ்ந்திருந்தாலும், இருக்க முடியாது. சத்தியத்தைப் பேசு என்று ஞாயிறுதோறும் போதிக்கும் இடத்தில் இந்த ஒரு சத்தியத்துக்கு மட்டும் விலக்கு. இதைக் கண்டுபிடித்துவிட்டதாக நான் மார்தட்டிக்கொள்ள வழியில்லை. எந்தச் சபையும் எந்தப் பேராயரும் சொல்வதற்கு முன்னால், ஆற்றங்கரையில் அதே சட்டத்தைப் போட்டவன் நான். எனக்கு வேதமும் இல்லை, சபையும் இல்லை. சிநேகிதன் என்ற ஒரே பதவியில் இருந்துகொண்டு அதைச் செய்தேன்.

நம் சென்னை ஹைகோர்ட்டில் 2021-இல் இரு பெண்களின் வழக்கு ஒன்று வந்தது. வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தமக்கு இந்த விஷயம் சரியாகத் தெரியாது என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, மனோதத்துவ நிபுணரிடம் உட்கார்ந்து பாடம் கேட்டார். கேட்ட பிறகுதான் தீர்ப்பு எழுதினார். தீர்ப்புச் சொல்வதையே தொழிலாகக் கொண்டவர் அவர். தெரியாது என்று சொல்ல அவருக்கு வெட்கமில்லை. இரண்டு கதை அச்சானவனுக்கு இருந்த தைரியம் அவருக்கு இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

*

ஐயரம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். மன்னிப்பு என்ற வார்த்தையை எழுதி, அடித்து, மறுபடி எழுதினேன். பத்து நாளில் ஒரு கார்டு வந்தது. எழுத்து குண்டு குண்டாக, ஓய்வுநாள் பள்ளி டீச்சர் எழுத்து.

பிரசங்கம் கேட்ட மூப்பர்தான் கடைசியில் ஐயருடைய பெட்டிக்கு முதல் தோள் கொடுத்தார் என்றும், அவருக்கு இன்று வரை ஒன்றும் தெரியாது என்றும், தெரிந்திருந்தாலும் தோள் கொடுத்திருப்பார் என்றே தமக்குத் தோன்றுகிறது என்றும் எழுதியிருந்தார். 2003-க்குப் பிறகு தாங்கள் இருவரும் நல்ல சிநேகிதர்களாக இருந்ததாகவும், அது பதினெட்டு வருஷம் கிடைத்ததாகவும், முதலிலேயே கிடைத்திருக்கலாம் என்றும் எழுதியிருந்தார். மன்னிப்பைப் பற்றி ஒரு வரியும் இல்லை. கடைசியில் இவ்வளவுதான்: “உங்களிடம் இன்னும் ஜனங்கள் யோசனை கேட்டு வருகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். யார் வந்தாலும், அங்கே இல்லாத ஆளையும் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள்.”

சென்ற வாரம் பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். பையனுக்கு முப்பது வயசாகிவிட்டது. கல்யாணப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறான். ஒரு நல்ல இடம் வந்திருக்கிறது. முடித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் அல்லவா என்று கேட்டார். காப்பி டம்ளர் என் கையில் இருந்தது.

“பையன் ஏன் எழுந்து போகிறான் என்று எப்போதாவது கேட்டீர்களா?” என்றேன்.

“அவன் என்னத்தைச் சொல்லப்போகிறான், ஸார்!”

“சொல்லாமல் போகலாம். கேட்டுவிட்டு, அவன் சொல்லி முடிக்கும் மட்டும் உட்கார்ந்திருங்கள். சொல்வது பிடிக்காவிட்டாலும் எழுந்துவிடாதீர்கள். பெண் வீட்டுக்கு அதற்கப்புறம் பதில் சொல்லலாம்.”

அவருக்குத் திருப்தியில்லை. இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்பது போலப் பார்த்துவிட்டுப் போனார். யோசனை சொல்வதில் எனக்கு இருந்த பெயர் கெட்டுக்கொண்டு வருகிறது. கெடட்டும்.